சாவுக்கொடி

கனாயே: பாத்தியா? கார்ட்டூன்ல அந்தச் சமையக்காரன் செத்துட்டான். காதலி ஃபோட்டோவை எடுத்து நீட்டினப்பவே சொன்னேன்ல, சாவுக்கொடி நட்டாச்சு, இனி இவன் பொழைக்க மாட்டான்னு.

ஷூஹெய்: பாவம்… கப்பல்ல எல்லாருக்கும் ஆக்கிப் போட்டவன்.

கனாயே: அதனாலதான் கொன்னான். கதை எழுதறவனுக்கு சரக்கு தீந்துபோச்சுன்னா, நல்லவனாப் பாத்து ஒருத்தனைப் போட்டுத் தள்ளுவான். உடனே உங்க கூட்டம் நெட்ல உக்காந்து 'மனசைப் பிழியுற கட்டம்'னு உருகும்.

ஷூஹெய்: எனக்குத் தொண்டையை அடைச்சுது.

கனாயே: பொரிச்ச கோழி அடைச்சிருக்கும். டீயைக் குடி.

ஷூஹெய்: அவன் அப்படி என்ன தப்பா சொல்லிட்டான்? சண்டை முடிஞ்சதும் ஊர்ல ராமென் நூடுல்ஸ் கடை போடறேன், உன்னைக் கட்டிக்கிறேன்னு துறைமுகத்துல அவகிட்ட சொன்னான்.

கனாயே: 'திரும்பி வந்ததும் கட்டிக்கிறேன்'னு சொன்னவன் எந்தக் கார்ட்டூன்ல உருப்பட்டான்? இது பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வாயைத் திறந்தான், கொடி ஏறுச்சு, குண்டு விழுந்துச்சு.

ஷூஹெய்: கனாயே…

கனாயே: என்ன?

ஷூஹெய்: நாளைக்கு ஆபீஸ் வேலையா சென்டாய் போறேன்ல… வந்ததும் உங்கிட்ட ஒரு விஷயம்…

கனாயே: நிறுத்து.

ஷூஹெய்: நான் இன்னும் சொல்லவே…

கனாயே: சொல்லாத. இப்பதான் ஒருத்தனைப் பொதைச்சோம்.

ஷூஹெய்: அதெல்லாம் கதையில. எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது.

கனாயே: அவனும் இதையேதான் சொன்னான். நடு, கொடியை நல்லா வரிசையா நடு.

ஷூஹெய்: உனக்கு எல்லாமே நக்கல். எத்தனை நாளா கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துட்டிருக்கேன் தெரியுமா?

கனாயே: ஒத்திகை வேறயா? கேவலம்.

ஷூஹெய்: ஒரே ஒரு வார்த்தைதான். ஒருவேளை நான் வராமப் போயிட்டா…

கனாயே: மடையா, வாயை மூடு.

ஷூஹெய்: ஏய்… ஏன் அழற?

கனாயே: அழல. கதை எழுதினவன் மேல ஆத்திரம்.

ஷூஹெய்: அப்ப கொடி நட்டவன் தப்பிக்க வழியே இல்லையா?

கனாயே: இருக்கு. கொடியை ஒடிக்கணும். 'வந்ததும்'னு தள்ளிப் போடாம, போறதுக்கு முன்னாடியே முடிச்சுடணும். அந்த மடையன் துறைமுகத்துலயே அவளைக் கட்டியிருந்தா எழுதினவன் என்ன கிழிச்சிருப்பான்?

ஷூஹெய்: இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. கட்டிக்கலாம்னாலும் கல்யாணம் பதியற வார்டு ஆபீஸ் பூட்டியிருக்கும்.

கனாயே: கல்யாணப் பதிவுப் படிவத்தை அங்க வாட்ச்மேன் ஜன்னல்ல எந்நேரமும் வாங்கிப்பாங்க.

ஷூஹெய்: சாட்சிக் கையெழுத்து ரெண்டு வேணுமே… இரு, ஆபீஸ் வேலையா போறவனுக்கு எதுக்கு இவ்வளவு அவசரம்?

கனாயே: எங்கப்பா ஒண்ணு போட்டாச்சு, உங்கக்கா ஒண்ணு. நாளைக்கு உன்னை ஆஸ்பத்திரில சேத்து, நெஞ்சைத் தொறந்து ஆபரேஷன் பண்றாங்கன்னு எங்கிட்ட சொல்லிட்டேதான் அக்கா போட்டாங்க. சென்டாயாம், ஆபீஸ் வேலையாம்… ஒழுங்காப் பொய் சொல்லக்கூடத் தெரியல, உன்னைத்தான் கட்டிக்கணும்னு என் தலையெழுத்து. எந்திரி, போய்க் குடுத்துட்டு வந்துடலாம்.