மாடி ரூமில் மக்கல் வாடை

அம்மா: அய்யோ, அந்தத் தலகாணியக் கீழ வைக்காதீங்க! தரை இன்னும் ஈரம்!

அப்பா: அப்ப எங்க வைக்க? என் தலை மேலயா?

அம்மா: மொட்டை மாடியில, மெத்தைக்குப் பக்கத்துல. அப்படியே மெத்தையையும் திருப்பிப் போட்டுட்டு வாங்க. மணி மூணே முக்காலாச்சு. நாலுக்கு நம்ம பொண்ணு வந்து நிப்பா!

அப்பா: தெரியும், தெரியும். வண்டி ஏறினதும் எனக்குத்தான் முதல் போன்! என்ன குஷியா பேசுனா தெரியுமா!

அம்மா: குஷியெல்லாம் இந்த ரூம் வாசல் வரைக்கும்தான். போன மாசம் பாத்தீங்கல்ல? இதே இடத்துல நின்னு, "மக்குன வாடை வருது, என்னால இங்க படுக்க முடியாது"ன்னு சொல்லிட்டு சாயந்திரமே கிளம்பிட்டா.

அப்பா: அத ஏன் இப்ப ஞாபகப்படுத்துற...

அம்மா: இந்தத் தடவையும் வாடை இருந்தா ஓட்டல்ல ரூம் போட்டுடுவாளாம். பெத்தவங்க ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது பொண்ணு ஓட்டல்லயா தங்கணும்?

அப்பா: தங்க விட்டுடுவேனா? நாலு நாளா பீரோவ நகர்த்தி, கட்டில நகர்த்தி, என் இடுப்பு நகர்ந்ததுதான் மிச்சம்!

அம்மா: எனக்கு ஒண்ணுதான் புரியல. பீரோ பின்னாடி பாத்தாச்சு, பரண்ல பாத்தாச்சு, ஜன்னல் இடுக்கு, பாத்ரூம் குழாய்... எங்கயும் துளி பூஞ்சை இல்ல. சுவத்துல ஓதமும் இல்ல. எங்கேருந்துதான் வருது?

அப்பா: பரண்ல இருந்த அந்தப் பழைய பச்சைப் பெட்டியாத்தான் இருக்கும். அதான் தூக்கிப் போட்டுட்டேன்.

அம்மா: பச்சைப் பெட்டியா! அதுல என் கல்யாணப் போட்டோ...

அப்பா: எடுத்து வெச்சிருக்கேன், கத்தாத! பெட்டி மட்டும்தான் போச்சு.

அம்மா: ஒரு நிமிஷம் உசுரு போயி வந்துச்சு. சரி, மெத்தைக்கு சோடா மாவு தூவுனீங்களா?

அப்பா: தூவி, ஒரு மணி நேரம் விட்டு, பிரஷ்ஷால தட்டியாச்சு. பாதி என் மீசையில இருக்கு. மூலைக்கு மூலை கரித்துண்டும் வெச்சாச்சு.

அம்மா: அப்ப இந்த அலமாரிக்குள்ள தலைய விட்டு நல்லா மோந்து பாருங்க.

அப்பா: நானா? நீ பாரு. முப்பது வருஷம் கேன்டீன்ல சமைச்சவ. அடுத்த தெருவுல வெங்காயம் நறுக்குனா இங்கேருந்து சொல்லுவ.

அம்மா: எனக்கு... ஜலதோஷம். நீங்களே பாருங்க.

அப்பா: ம்... ம்ம்ம்...

அம்மா: இருக்கா?

அப்பா: இருக்கற மாதிரியும் இருக்கு... இல்லாத மாதிரியும் இருக்கு. உனக்கு?

அம்மா: எனக்கும் அதேதான். லேசா...

அப்பா: அப்ப இன்னொரு பாட்டில் வினிகர ஊத்தித் தொடச்சிடலாம்!

அம்மா: தண்ணி கலக்கட்டுமா?

அப்பா: தண்ணியா? நேரம் இருக்கா நமக்கு? அப்படியே ஊத்து! சுவர், அலமாரி, கதவு, எல்லாத்துலயும்!

அம்மா: இது அஞ்சாவதுங்க.

அப்பா: ஆறாவது. கடைக்காரர் கேக்குறாரு, "என்ன சார், வினிகர்லயே குளிக்கிறீங்களா"ன்னு.

அம்மா: ஷ்ஷ்... வண்டிச் சத்தம்! பொண்ணு வந்துட்டா!

அப்பா: துணிய ஒளிச்சு வை! வாளிய எடு!

மகள்: அம்மா! அப்பா! எங்க இருக்கீங்க... ஆ! அய்யோ, கண்ணு!

அப்பா: வாம்மா, வா வா வா! ரூமப் பாத்தியா!

மகள்: எங்கப்பா பாக்குறது, கண்ணத் திறக்க முடியல! ஜன்னலத் திறங்க!

அம்மா: எல்லாம் திறந்துதாம்மா இருக்கு.

மகள்: என்னத்தக் கொட்டி வெச்சிருக்கீங்க? தொண்டை வரைக்கும் காந்துது!

அப்பா: அத விடு. அந்த மக்குன வாடை போச்சா, இல்லையா?

மகள்: நீங்களே சொல்லுங்க. போச்சா?

அப்பா: சுத்தமா போச்சு! உங்கம்மா மோந்து பாத்துட்டா.

அம்மா: நான் எங்க பாத்தேன்? நீங்கதான அலமாரிக்குள்ள தலைய விட்டீங்க!

அப்பா: நீ லேசான்னு சொன்னியே...

அம்மா: நீங்க சொன்னதுக்கு ஆமா போட்டேன்!

அப்பா: நானும் உனக்கு...

அம்மா: ஏங்க... உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு வாடை தெரியுதா?

அப்பா: இரு, இந்த வாளியக் கீழ கொண்டு போயி வெச்சிட்டு...

அம்மா: உங்களத்தான்!

அப்பா: நாம ரெண்டு பேரும் படுத்துக் கிடந்தோமே, அந்தக் காய்ச்சல்ல போனதுதான்டி என் மூக்கு. அஞ்சு மாசமா ஒரு மண்ணும் தெரியல. சொன்னா நீ பயந்துடுவியேன்னு...

அம்மா: பாவி மனுஷா! எனக்கும் அதே காய்ச்சல்லதான் போச்சு! மூக்கு போன சமையல்காரின்னு தெரிஞ்சா மானம் போயிடுமேன்னு நான் வாயே திறக்கல!

அப்பா: அடிப்பாவி! அப்ப தினமும் அடுப்படிக்கு வந்து, "ஆஹா, வாசனை தூக்குது"ன்னு நான் அடிச்சு விட்டதெல்லாம்...

அம்மா: அதக் கேட்டுத்தானய்யா நான் சட்டியவே இறக்குனேன்!

அப்பா: ஹா ஹா... அய்யோ... வயிறு வலிக்குது...

அம்மா: சிரிக்காதீங்க! எனக்கு அழுகையா வருது. ஏம்மா, நீயாவது சொல்லும்மா. அந்த வாடை போச்சா? இங்க தங்குவியா?

மகள்: எந்த வாடைம்மா? இந்த ரூம்ல வாடையே கிடையாது. போன மாசம் அடுப்புல பால் தீஞ்சு வீடே நாறுச்சு. நீங்க ரெண்டு பேரும் அடுத்த ரூம்ல உக்காந்து கேரம் ஆடிட்டிருந்தீங்க, ஒருத்தர் கூடத் திரும்பிப் பாக்கல. நாளைக்கு கேஸ் கசிஞ்சாலும் உங்களுக்குத் தெரியாதோன்னு நான்தான் ஓடிப் போயி அடுப்ப அணைச்சேன். நேரா கேட்டா ஒத்துக்க மாட்டீங்கன்னுதான், மாடியில மக்குன வாடைன்னு ஒரு பொய்யச் சொல்லிப் பாத்தேன். "ஆமாமா, நாங்களே சொல்லணும்னு இருந்தோம்"னீங்க, ரெண்டு பேரும். அன்னிக்குக் கிளம்பிப் போனது ஆபீஸ்ல மாத்தல் கேக்கம்மா. தினம் மூணு வேளையும் போன் பண்ணி அடுப்ப அணைச்சாச்சான்னு கேட்டேனே, பின்ன எதுக்குன்னு நெனச்சீங்க? கிடைச்சிடுச்சும்மா, மாத்தல்! கீழ வண்டியில என் சாமான் மொத்தமும் இருக்கு. வாங்க, ஆளுக்கு ஒண்ணாத் தூக்குங்க, நான் இனிமே இங்கதான்.