அவளுக்கு மூச்சு வந்த பிறகு

இல்ல தம்பி, அந்தக் கதவு இல்ல. அது ரத்தம் எடுக்கிற ரூம். ஊசி போட்டவங்க இந்தக் கதவு வழியாத்தான் வெளிய வருவாங்க. உக்காருங்க. உங்க வீட்டம்மாவுக்கு முதல் ஊசியாச்சே, கொஞ்ச நேரம் உள்ளயே வச்சுப் பாத்துட்டுத்தான் விடுவாங்க. பயப்பட ஒண்ணுமில்ல. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இப்படி வாங்க.

ஆமா, எங்க வீட்டம்மாவும் இவங்க ஆராய்ச்சியில இருந்தவதான். இதுக்கு முந்தினது. அவளுக்கும் ஈசினோபில் ஆஸ்துமாதான். உங்ககிட்ட விளக்கினாங்களா? எங்களுக்கு அந்தச் சின்ன டாக்டரம்மா விளக்கினாங்க. சின்னன்னா வயசுல சின்ன. ஆராய்ச்சியே அவங்க தலைமையிலதான் நடக்குது. ரத்தத்துல வெள்ளையணு இருக்கில்ல, அதுல இது ஒரு வகையாம். உடம்புக்குள்ள புழு வந்தா அடிக்கிறதுக்குன்னு இருக்கறது. புழு இல்லன்னா சும்மா இருக்கணும். சிலர் உடம்புல அப்படிச் சும்மா இருக்க மாட்டேங்குது. கூட்டமா போய் மூச்சுக்குழாய்ல உக்காந்து அதையே புண்ணாக்கிருது. இந்த ஊசி அந்த அணுவுக்குத் தீனி போகிற வழியை அடைச்சிருமாம். இதை எலிக்குப் போட்டுப் பாத்து, அப்புறம் மனுஷனுக்கு வந்திருக்காங்க. சிரிச்ச மொகமா, பொறுமையாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் அந்தம்மாவை அன்னிக்கே பிடிக்கல.

என்ன சொல்றது தம்பி. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவ மூச்சு என் பொறுப்பு. நான் தச்சுவேலை பாத்தவன். சொந்தப் பட்டறை வச்சிருந்தேன். மரத்தூளோட வீட்டுக்கு வந்தா அவளுக்கு இழுக்க ஆரம்பிச்சிரும். பட்டறையிலயே குளிச்சுப் பாத்தேன், சட்டை மாத்திப் பாத்தேன், தலைமுடியில இருந்த தூளே அவளுக்குப் போதும். பட்டறையை விட்டுட்டு பல்புக் கடையில நிக்கப் போயிட்டேன். அவ விடச் சொல்லல, நானாத்தான் விட்டேன். கடைசியா செஞ்சது ஒரு மடக்கு ஸ்டூல். எங்க வீடு மூணாவது மாடி. படி திரும்புற ஒவ்வொரு இடத்துலயும் ஸ்டூலை விரிப்பேன், உக்காந்து மூச்சு வாங்கிட்டு ஏறுவா. கடைத்தெருவுக்குப் போனாலும் ஸ்டூல் என் கக்கத்துலதான். ஸ்டீராய்டு மாத்திரையில அவ மூஞ்சி உப்பிப்போய் கண்ணாடியே பாக்க மாட்டா, நான்தான் தலை சீவி விடுவேன். கீழ்வீட்டுப் பொம்பளைங்க அவங்க வீட்டுக்காரங்களைத் திட்டறப்ப, மேல இருக்கிற மனுஷனைப் பாத்துக் கத்துக்கங்கன்னுதான் திட்டுவாங்க. காதுல விழும். விழாத மாதிரி போவேன்.

அப்பதான் ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு டாக்டருக்கே தெரியாது. சில மாசம் போச்சு. ஒரு நாள் கடையிலேருந்து வர்றேன், அவ வீட்டுல இல்ல. பக்கத்து வீட்டுல கேட்டா, மொட்டை மாடிக்குப் போனாங்கன்னு சொல்றாங்க. ஓடினேன். துவைச்ச துணி பூரா அவளே வாளியில தூக்கிட்டுப் போய் கொடியில போட்டுக்கிட்டு இருக்கா. எனக்குத்தான் மூச்சு இளைக்குது. அவ திரும்பிப் பாத்து, நானே தூக்கிட்டு வந்துட்டேன்னு சொன்னா. சின்னப் புள்ள மாதிரி சொன்னா. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரொம்ப ஆடாத, அது வெறும் தண்ணியா இருந்தாலும் இருக்கும், எல்லாம் மனசுதான்னு சொன்னேன்.

மறுநாள் ரெண்டு வாளி தூக்கினா.

தண்ணி இல்ல தம்பி. மருந்துதான்னு அப்புறம் தெரிஞ்சுது. அந்த அணு அவ ரத்தத்துல தேடினாலும் கிடைக்கலயாம். நல்ல சேதிதானே? யாரு இல்லைன்னா. ஆனா அன்னிலேருந்து எதுக்கெடுத்தாலும் சின்ன டாக்டர். பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்னு அவங்களுக்குத்தான் போன். மறுபடி ஸ்கூல்ல கணக்கு டீச்சரா சேந்தா, அதுவும் முதல்ல அவங்களுக்குத்தான் தெரியும். எனக்கு ராத்திரி சாப்பிடறப்ப சொல்றா. ஆம்பளை டாக்டரா இருந்தா ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். மக வயசுல இருக்கிற பொண்ணு மேல பொறாமைன்னு யார்கிட்ட போய்ச் சொல்றது? நான் வருஷக்கணக்கா தூக்கிச் சுமந்ததை, ஒரு ஊசியில எறக்கி வச்சுட்டுப் போயிட்டாங்க.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. கேளுங்க, இன்னும் இருக்கு.

ஆராய்ச்சி முடிஞ்சதும் ஒரு கூட்டம் போட்டாங்க. பெரிய ஹால், எங்கெங்கேருந்தோ வந்த டாக்டருங்க. நோயாளிங்க சார்பா இவதான் பேசணும்னு கேட்டுக்கிட்டாங்க. நான் புதுச் சட்டை போட்டு முன்வரிசையில உக்காந்தேன். நல்லாப் பேசினா. டாக்டரம்மாவுக்கு நன்றி சொன்னா. நர்ஸுங்களுக்கு, மைக்ராஸ்கோப்புல அணுவை எண்ணினவங்களுக்கு, எல்லாருக்கும் சொன்னா. அப்புறம், செத்துப்போன எலிங்களுக்கும் நன்றின்னா. ஹாலே கை தட்டுச்சு. அடுத்தது நான்தான்னு காலரை இழுத்து விட்டுக்கிட்டேன். அவ கும்பிட்டுட்டு எறங்கிட்டா.

எலி ஞாபகம் வந்திருக்கு தம்பி.

பஸ்ஸுல வரும்போது என்னாச்சுன்னு கேட்டா. எலியை விடவும் கேடுகெட்டுப் போயிட்டேனான்னு கேட்டேன். அவ ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே மெதுவா சொன்னா. உங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சா, எனக்கு மூச்சு முட்டின நாளெல்லாம் கூடவே வந்துரும். அதுல நீங்க இல்லாத நாளே கிடையாது. அந்த மேடையில கொஞ்ச நேரமாவது, நல்லா மூச்சு விடற ஒரு பொம்பளையா மட்டும் நிக்கணும்னு இருந்துச்சு.

நியாயம்தான். நியாயம்னு தெரிஞ்சா மட்டும் வயித்தெரிச்சல் அடங்கிருமா? இப்ப ஞாயித்துக்கிழமையானா டீச்சருங்களோட மலை ஏறப் போறா. ஒரு தடவை நானும் போனேன். பாதியில முட்டி பிடிச்சுக்கிச்சு. அவ மேல நின்னு, மெதுவா வாங்க, அவசரமில்லன்னு சொல்றா. அது நான் சொல்ற வார்த்தை தம்பி. படியில நின்னு அவளுக்கு நான் சொல்ற வார்த்தை.

யாரு, எங்க வீட்டம்மாவா? அவ உள்ள இல்லியே. ஊசியை இப்ப அவளே வீட்டுல போட்டுக்கறா, பேனா மாதிரி ஒண்ணு வருது, தொடையில வச்சு அமுக்கினா முடிஞ்சுது. அதுக்கும் நான் வேண்டாம். இந்நேரம் கிளாஸ்ல இருப்பா. இன்னிக்குக் கூப்பிட்டிருக்கிறது என்னை. புதுசா ஒரு ஆராய்ச்சியாம். நோய் சரியானவங்க வீட்டுல கூட இருந்தவங்களுக்கு என்ன மாறுச்சுன்னு கேக்கறாங்க. அந்தச் சின்ன டாக்டரேதான் கேக்கப் போறாங்க. நான் வரலைன்னுதான் சொன்னேன். போயிட்டு வாங்க, என்கிட்ட சொல்ல முடியாததை அவங்ககிட்டயாவது சொல்லுங்கன்னு இவதான் அனுப்பி வச்சா.

என்ன சொல்லப் போறேனா? சொல்றதுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. போன மாசம் ஒரு சாயங்காலம் மழையில நனைஞ்சு வந்தா. வந்ததும் இருமல். விடாம இருமினா. நான் பரண்ல ஏறி அவளோட பழைய மூச்சு மெஷினை, அந்த நெபுலைசரை எறக்கினேன். துடைச்சேன், மாஸ்க்கைக் கழுவினேன், வயரைச் சொருகினேன். எல்லாத்தையும் கை தானா செய்யுது. திரும்பினா அவ கதவுகிட்ட நின்னு என்னையே பாத்துக்கிட்டு இருக்கா. எவ்வளவு நேரமா நின்னான்னு தெரியல. பாட்டு முணுமுணுக்கறீங்களேன்னு சொன்னா. அப்பதான் தம்பி எனக்கே தெரியும், பாடிக்கிட்டு இருந்திருக்கேன்னு.

வெறும் சளிதான். ரெண்டு நாள்ல போயிருச்சு. அவ இருமினப்ப எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு, அவ்வளவுதான். அதைத்தான் உள்ள போய்ச் சொல்லணும்.

அந்தா, கதவு திறக்குது பாருங்க. உங்க வீட்டம்மாதானே? சுவரைப் பிடிச்சுக்கிட்டு வர்றாங்க. பையை இங்க வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கறேன். ஓடுங்க தம்பி, போய்க் கையைப் பிடிச்சுக்கங்க. இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான்.