ஆறு செகண்ட் சூரியன்

மச்சான்: ...அதான் கேக்கறேன் மாப்பிள்ளை. கரண்ட் தயாரிக்கிற மெஷின்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் தினமும் மூணு மணிக்கு என் சப்ஸ்டேஷனுக்கு போன் போட்டு என்கிட்டயே கரண்ட் கேக்கறீங்க?

மாப்பிள்ளை: ஐயோ மச்சான், எத்தனை தடவை சொல்றது! சூரியனுக்குள்ள நடக்கிறதை எங்க ஆராய்ச்சிக்கூடத்துல ஒரு இரும்புக் கூண்டுக்குள்ள நடத்தறோம். அணுவும் அணுவும் ஒட்டணும். சும்மா ஒட்டுமா?

மச்சான்: என் தங்கச்சியும் நீங்களும் ஒட்டறதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சு...

மாப்பிள்ளை: அதை விடுங்க. முதல்ல பத்துக் கோடி டிகிரிக்குச் சூடாக்கணும். அதுக்குத்தான் உங்க கரண்ட்.

மச்சான்: நேத்து எவ்வளவு நேரம் எரிஞ்சுது உங்க சூரியன்?

மாப்பிள்ளை: ஆறு செகண்ட்!

மச்சான்: அடேங்கப்பா! அதான் தங்கச்சி தெருவெல்லாம் தம்பட்டம் அடிக்கிறா.

மாப்பிள்ளை: உங்க கரண்டும் அப்படித்தான் மச்சான். ஆடாம அசையாம வருது.

மச்சான்: ம்... அது... நம்ம வேலையில குறை சொல்ல முடியாதுல்ல.

மாப்பிள்ளை: ஒரு சின்ன விஷயம். நாளைக்கு மூணு மணிக்கு ஆய்வுக் குழு வருது. எரியறதை நேர்ல பார்க்கணுமாம். எரியலைன்னா கூடத்தை இழுத்து மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

மச்சான்: நேர்லயா? ரிப்போர்ட் பார்த்தா போதாதாமா?

மாப்பிள்ளை: அதானே! அதனால... நாளைக்கு மட்டும்... கரண்ட் தர முடியாதுன்னு நீங்க சொல்லிடுங்களேன்.

மச்சான்: பழியை என் தலையில கட்டறீங்களா? ஏன், மெஷினுக்கு என்ன?

மாப்பிள்ளை: அந்தச் சூட்டைக் கூண்டுக்குள்ள பிடிச்சு வைக்கிற காந்தச் சுருள் ஒண்ணு... லேசா விரிசல்...

மச்சான்: எப்போலேர்ந்து?

மாப்பிள்ளை: நாலு மாசம். சத்தியமா நாலே மாசம். அதுக்கு முன்னாடி ஜம்முனு எரிஞ்சுது மச்சான்!

மச்சான்: அப்ப நேத்து எரிஞ்ச ஆறு செகண்ட்?

மாப்பிள்ளை: பேப்பர்ல எரிஞ்சுது. உங்க தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, என் மானமே போயிடும்... ஆமா, ஒரு நிமிஷம். நாங்க எடுக்காத கரண்டை 'கொடுத்தாச்சு'ன்னு தினமும் எப்படிச் சொன்னீங்க?

மச்சான்: அது... அதை விடுங்க. நாளைக்கு கரண்ட் தர முடியாதுன்னு தாராளமா எழுதித் தரேன். நான் எழுதறதுல அது ஒண்ணாவது நிஜமா இருக்கட்டும். உங்க மெஷினுக்கு வர்ற பெரிய கேபிள் கருகி ஆறு மாசம் ஆச்சு மாப்பிள்ளை... ஆமா, சுருள் போய் நாலு மாசம்தானே? அதுக்கு முந்தின ரெண்டு மாசம் எதுல ஜம்முனு எரிச்சீங்க?