கையெழுத்து இல்லாத மூன்றாம் அங்கம்

ஹலோ... ஆமா, த்ரஹோமீரா லிஸ்காதான் பேசறேன்... வணக்கம் டாக்டர் வாவ்ரா. நானே கூப்பிடணும்னுதான் இருந்தேன்... இல்ல, முதல்ல நான் சொல்றேன், நீங்க எழுதிக்கோங்க. அந்த ஓபராவோட கடைசி ஒத்திகையில யார் யார் இருந்தாங்கன்னு போன வாரம் கேட்டீங்கள்ல? அப்பா யாரொமீர் லிஸ்கா, மேடைக் காட்சிகள வரைஞ்சவர். அம்மா. மேடைக்குப் பின்னாடி தொங்கற திரைச்சீலைகளத் தீட்டற கூடத்துத் தலைவர், கிழவர் ஹோலுப். அப்பாவோட உதவியாள் ஹினெக். பன்னெண்டு வயசு நான். அஞ்சு பேர். இன்னிக்கு மிச்சம் நான் ஒருத்திதான்... ஆமா... ஆமா, அதனாலதான் சொல்றேன்.

நாளைக்கு உங்க அருங்காட்சியகத்துல அப்பாவோட ஓவியக் கண்காட்சி திறப்பு விழா, தெரியும். ஓவியங்களுக்குக் கீழ வைக்க நீங்க அச்சடிச்ச அட்டை வந்துச்சு, பார்த்தேன். மூணாவது அங்கத்து ஓவியத்துக்குக் கீழ யார் பேரு போட்டிருக்கீங்க?... படிங்க, உங்க வாயாலயே கேக்கறேன்... ம்... ‘ஹினெக் வரைந்தது.’ ஏன்?... கையெழுத்து இல்ல, அதனாலயா!

டாக்டர், நீங்க எத்தனை வருஷமா ஓபரா ஓவியங்களப் பாக்கறீங்க?... இருபதா. சரி. எங்கப்பா வரைஞ்ச அன்னிக்குக் கையெழுத்து போடவே மாட்டாரு. மேடையில எல்லாத்தையும் நிறுத்தி, விளக்குப் போட்டு, தான் வரைஞ்ச மாதிரியே நிக்குதான்னு கடைசி ஒத்திகையில பாப்பாரு. நின்னாத்தான் பேனாவத் திறப்பாரு. முதல் அங்கம் ஆலை, நின்னுது, போட்டாரு. ரெண்டாவது சந்தை, போட்டாரு. மூணாவதுக்கு அவர் காகிதத்துல வரைஞ்சது, இப்ப உங்ககிட்ட இருக்கறது, இருட்டு வானம். ஒரே ஒரு ஜன்னல்ல வெளிச்சம். கதையில பொண்ணு வீட்ட விட்டுப் போயிட்டா, அப்புறம் என்ன விடியல்? ஆனா மேலிடத்துலேருந்து உத்தரவு வந்துச்சு, மக்களுக்கான ஓபரா நம்பிக்கையோட முடியணும்னு. ராவோட ராவா, அந்த ஓவியத்தப் பாத்துத் தீட்டின திரைச்சீலையில பெரிய சூரியன ஏத்திட்டாங்க... யாரா? வேற யாரு, ஹினெக்தான். அது அவரோடது, தாராளமா அவர் பேரப் போடுங்க. சூரியனுக்கு மட்டும்!

...இருங்க, நான் முடிக்கல. கடைசி ஒத்திகையில அப்பா அதப் பாத்தாரு. பேனாவ மூடி சட்டைப் பையில வெச்சாரு. அதான் கையெழுத்து இல்ல. உங்க மொழியில இல்லாதது, எங்க வீட்டு மொழியில மறுப்பு.

...என்ன ஆதாரமா? என் வார்த்தை பத்தாதா?... சரி. சரி, ஆதாரமே தரேன். ஓவியத்தோட சட்டத்தக் கழட்டுங்க... கழட்டுங்கய்யா, உங்ககிட்ட ஆள் இல்லையா?... ஓரத்த மறைச்சு ஒரு அட்டை வெச்சிருப்பீங்க, அத எடுங்க. அடியில பென்சில் கட்டம் தெரியும். தரையில விரிச்ச துணியில பெரிசாக்க அதப் பாத்துத்தான் கோடு போடுவாங்க. கட்டத்துக்கு நம்பர் எந்தப் பக்கத்துலேருந்து ஆரம்பிக்குதுன்னு பாருங்க... இருக்கேன்... இருக்கேன். எனக்கு எண்பத்திரண்டு வயசு, காத்திருக்கத் தெரியும்.

...ஹலோ?... வலது பக்கத்துலேருந்தா? நல்லாப் பாத்தீங்களா? இப்ப ஆலையையும் சந்தையையும் பாருங்க... அதுவும் வலதுலேருந்தா! அப்பா இடதுகைக்காரர். இடதுலேருந்து எழுதினா கை பென்சிலத் தேய்ச்சு அழுக்காக்கிடும்னு எதிர்ப் பக்கமா எண்ணுவாரு. ஹோலுப் தினமும் திட்டுவாரு. ஹினெக் வலதுகைக்காரர். போதுமா?

...‘எனக் கருதப்படுகிறது’ன்னா? யார் கருதறாங்க? நீங்களா? வேணாம். ‘யாரொமீர் லிஸ்கா. கையெழுத்திட மறுத்தார்.’ இவ்வளவுதான். ஒரு எழுத்து கூடவும் வேணாம், குறையவும் வேணாம்... ஹினெக்கோட மகன்தான் ரிப்பன் வெட்டறாரா? வருத்தப்படுவாரா? படட்டும். எங்கப்பா எழுபது வருஷமா இன்னொருத்தர் சூரியனுக்குக் கீழ நிக்கறாரு... மிரட்டலா? ஆமா, மிரட்டல்தான். உங்க சுவர்ல மாட்டக் குடுத்த ஓவியம் பதினாலும் என்னோடது. அட்டை மாறலைன்னா காலை ரயில்ல வரேன், ஆணியிலேருந்து நானே கழட்டி எடுத்துட்டுப் போறேன். வெறும் சுவருக்கு ரிப்பன் வெட்டச் சொல்லுங்க.

...ம்... ம்... எப்போ அச்சாகும்?... இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ளயா. சரி. படம் எடுத்து அனுப்புங்க. நன்றி.

...இன்னும் என்ன?... கையேட்டுல போடவா? யார் சொன்னா அத? முதல் நாள் காட்சியில அப்பா மேடைல பாஞ்சு கத்தியால அந்தத் திரைச்சீலையக் கிழிச்சாருன்னு?... கதை நல்லாத்தான் இருக்கு. வெட்டுங்க அத. அப்பா கறுப்புக் கோட்டு போட்டுக்கிட்டு, அம்மாவையும் என்னையும் கூட்டிட்டுப் போயி மூணாவது வரிசையில உக்காந்தாரு. பாடினவங்களுக்குக் கை தட்டினாரு. சூரியன் வந்தப்ப கைய மடியில வெச்சுக்கிட்டாரு. திரைச்சீலை கிழியவே இல்ல, டாக்டர். பதினோரு வருஷம் தொங்குச்சு.