ஆர்செனியோ வீட்டின் மூன்றாவது ஆள்

ஆர்செனியோ முதல் தடவை என் வாசலில் வந்து நின்றபோது மழை பெய்துகொண்டிருந்ததா என்று எனக்கு இப்போது உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அலாஸ்காவின் இந்தக் கோடியாக் தீவில் மழை பெய்யாத நாளை நினைவு வைத்துக்கொள்வதுதான் எளிது, அதனால் பெய்தது என்றே வைத்துக்கொள்ளலாம். அவன் கையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஹாலிபட் மீன் இருந்ததாக ஞாபகம். அது இரண்டாவது ஞாயிறாகவும் இருக்கலாம். என் நினைவு சந்தோஷமான நாட்களை ஒன்றோடொன்று கலந்து வைத்துவிடுகிறது. நீங்கள் கேட்பதால் முடிந்தவரை பிரித்துச் சொல்கிறேன்.

ஆர்செனியோ என் முன்னாள் கணவன். இரண்டு பேருக்கும் சொந்த ஊர் பிலிப்பைன்ஸில் இலோகோஸ் பக்கம். அவன் முன்பே அலாஸ்காவுக்கு வந்து, மீன் ஆலையில் சேர்ந்து, அமெரிக்கக் குடிமகனும் ஆகி, பிறகு ஊருக்கு வந்து என்னைக் கட்டிக்கொண்டு இங்கே அழைத்துவந்தான். ஆறு வருடம் குடும்பம் நடத்தினோம். நடத்தினோம் என்பதைவிட ஒரே வீட்டில் இருந்தோம் என்பது சரி. அவன் பேசாத மனிதன். சாப்பாட்டு மேசையில் அவன் என்னிடம் கேட்டதெல்லாம் வினிகர் எங்கே என்பதுதான். ஒரு நாள் அதையும் கேட்காமல் எழுந்துபோய்த் தானே எடுத்துக்கொண்டான். சில மாதங்களில் பிரிந்துவிட்டோம். சண்டை எதுவும் இல்லை. அதன் பிறகும் ஒரே ஆலையில், வேறு வேறு வரிசையில், இருவரும் மீன் குடலை எடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்புறம் அவனுக்கு ஜோவிலின் கிடைத்தாள். ஹாங்காங்கில் யார் வீட்டிலோ பிள்ளை பார்க்கும் பெண், எங்கள் பக்கத்து ஊர்க்காரி. அவன் அங்கே போய்க் கல்யாணம் செய்துகொண்டு திரும்பினான். எனக்கு வருத்தம் இல்லை. அந்த வாரம் ஆலையில் எல்லோருக்கும் தேங்காய்ப்பால் ஊற்றி அரிசி கேக் செய்து எடுத்துப்போனேன். ஏன் என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் சொன்னேன். அவர்கள்தான் சாப்பிடச் சங்கடப்பட்டார்கள்.

அந்த ஞாயிறு அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பெர்லி, உள்ள வரலாமா?"

"நனைஞ்சுக்கிட்டு நிக்கறவன் கேக்கற கேள்வியா இது? வா."

உட்கார்ந்தான். வெகுநேரம் மேசையைப் பார்த்தான். எனக்கு அவனுடைய மௌனம் பழக்கம்தான். ஆனால் அன்றைய மௌனம் வேறு மாதிரி இருந்தது, உள்ளே ஏதோ சொற்கள் வரிசையில் நிற்பதைப் போல.

"நாம பிரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சுல்ல. ஆனா அரசாங்கத்தைப் பொறுத்தவரைக்கும் நீ இன்னும் என் வீட்டுலதான் இருக்க."

"எந்த அறையில?" என்றேன்.

அவன் சிரித்தான். ஆறு வருடத்தில் நான் கேட்டிராத சிரிப்பு, தொண்டையிலிருந்து வந்தது. அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். வெளிநாட்டிலிருந்து மனைவியை அழைத்துவர வேண்டுமென்றால், இவளை அரசாங்கத்திடம் கையேந்த விடமாட்டேன் என்று கணவன் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கேற்ற வருமானமும் காட்ட வேண்டும். எவ்வளவு என்பது அவன் தலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அலாஸ்காவுக்கு வரம்பு இன்னும் கொஞ்சம் கூடுதல். அவனும் ஜோவிலினும் என்று இரண்டு பேருக்கு அவன் சம்பளம் போதும். ஆனால் முன்பு எனக்காகவும் அவன் அதே கையெழுத்தைப் போட்டிருந்தான். விவாகரத்து அந்தக் கையெழுத்தை அழிப்பதில்லை. நான் குடியுரிமை வாங்க வேண்டும், அல்லது பத்து வருடம் இந்த நாட்டில் உழைத்திருக்க வேண்டும், அல்லது ஒரேயடியாகத் திரும்பிப் போக வேண்டும், அல்லது சாக வேண்டும். அதுவரை நான் அவன் வீட்டின் மூன்றாவது ஆள். மூன்று பேருக்கு அவன் சம்பளம் எட்டவில்லை. மீன் வராத மாதங்களில் ஆலையில் வேலை இல்லை, அதுதான் காரணம்.

இதையெல்லாம் அவன் எனக்குப் பொறுமையாக விளக்கினான். எங்கள் திருமண வாழ்க்கை முழுவதிலும் பேசியதைவிட அந்த ஒரு மணி நேரத்தில் அதிகம் பேசினான்.

"நீ சிட்டிசன் ஆயிட்டாப் போதும், பெர்லி. அன்னிக்கே உன் தலை என் கணக்குல இருந்து போயிடும். பரீட்சைக்கு நான் சொல்லித் தர்றேன்."

"எனக்கு மண்டையில ஏறாதே."

"ஏறும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வர்றேன்."

வந்தான். ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். வெறுங்கையோடு வந்ததே இல்லை. மீன் கொண்டுவருவான், சில வாரம் பாகற்காய் கொண்டுவருவான். இந்தத் தீவில் பாகற்காய் என்ன விலை என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒழுகிக்கொண்டிருந்த கூரையைச் சரிசெய்தான். நான் கத்தரிக்காய், வெண்டைக்காய், பாகற்காய் போட்டுக் கருவாட்டு நெடியோடு பினக்பெட் சமைப்பேன். அவன் சாப்பிட்டுக்கொண்டே கேள்வி கேட்பான்.

"நாட்டோட மிக உயர்ந்த சட்டம் எது?"

"ஆலையில சூப்பர்வைசர் சொல்றது."

"பெர்லி."

"நீயே சொல்லு, அதுக்கு மேல யாராவது இருக்காங்களா?"

"சரி, ஜனாதிபதியும் துணை ஜனாதிபதியும் ரெண்டு பேருமே செத்துட்டா அடுத்து யார் வருவா?"

"பாதிரியார். பொதைக்கறதுக்கு."

அவன் சாப்பாடு புரையேறச் சிரிப்பான், நான் முதுகில் தட்டுவேன். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு சரியான விடையைச் சொல்வான். நான் அதைத் திருப்பிச் சொல்வேன். அடுத்த வாரம் மறந்திருப்பேன். அப்போது எனக்கு வயது நாற்பத்தேழு. திங்கட்கிழமைகளில் மீன் வரிசையில் நின்று என்னையறியாமல் பாட்டு முணுமுணுத்தேன். "மனாங், என்ன புதுசா யாராவது?" என்று சின்னப் பெண்கள் கேலி செய்தார்கள். மனாங் என்றால் எங்கள் பேச்சில் அக்கா. "புதுசு இல்ல, பழசுதான்" என்றேன். அவர்களுக்குப் புரியவில்லை.

நடுவில் ஒரு சிறு தடங்கல் வந்தது. வருமானம் போதாதவனுக்காக வேறொருவர் சேர்ந்து கையெழுத்துப் போடலாம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. டாக்ஸி ஓட்டும் பசிலியோ அதற்குச் சம்மதித்துவிட்டதாக ஆர்செனியோ துள்ளிக்கொண்டு வந்து சொன்னான். நல்ல மனிதர் பசிலியோ, வயதில் எங்களுக்கெல்லாம் மூத்தவர். அந்த வாரம் தேவாலயக் கூடத்தில் நடந்த விருந்தில் அவர் தட்டில் நானே நூடுல்ஸ் பரிமாறினேன்.

"ஆர்செனியோவுக்காகக் கையெழுத்துப் போடப் போறீங்களாமே, அண்ணே. ரொம்பப் பெரிய மனசு."

"அட, ஒரு கையெழுத்துதானம்மா."

"ஆமா, எனக்கும் அவன் ஒண்ணுதான் போட்டான்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. நாங்க பிரிஞ்சு எவ்வளவு காலமாச்சு, நான் இன்னும் அவன் தலையிலதான் இருக்கேன். நாளைக்கு அவங்க பிரிஞ்சாலும் அந்தப் பொண்ணு உங்க தலையில இருப்பா. சோறு போடலைன்னு உங்க மேல கேஸ்கூடப் போடலாம். அக்காவுக்கு இதெல்லாம் தெரியும்தானே?"

அக்கா என்றது அவர் மனைவியை. அவள் மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். குரலைக் கொஞ்சம் உயர்த்தினால் போதுமாக இருந்தது.

"யாரு பொண்ணு? யாரு தலையில?" என்றாள் அவள்.

மறுநாளே பசிலியோ பின்வாங்கிவிட்டார். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அடுத்த ஞாயிறு ஆர்செனியோ சோர்ந்துபோய் வந்தான். இரண்டு தட்டு சோறு வைத்தேன். "விடு, நான் படிச்சுடறேன்" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

பல மாதங்களுக்குப் பிறகு, ஆங்கரேஜில் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். விமான டிக்கெட்டை அவன் வாங்கிக் கொடுத்தான். விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைசிவரை கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். கொடியில் கோடுகள் பதின்மூன்று, நட்சத்திரங்கள் ஐம்பது. சோதனை வாசலுக்கு அப்பால் போய்த் திரும்பிப் பார்த்தேன். உதட்டை அசைத்து ஏதோ விடையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஆங்கரேஜில் இரண்டு நாள் இருந்தேன். என் வாழ்க்கையில் அப்படிச் சிரித்ததில்லை. ஓட்டலின் லிஃப்டில் காரணமில்லாமல் மேலும் கீழும் போய்வந்தேன். சிவப்பு நிறத்தில் ஒரு காலணி வாங்கினேன். சூடான நூடுல்ஸ் கடையில் தனியாக உட்கார்ந்து, பாகற்காய் வாங்கும்போது அவன் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்துச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரரும் சேர்ந்து சிரித்தார்.

அங்கே எனக்குத் தேர்வு எதுவும் இல்லை. அதை அதற்கு முந்தைய வசந்த காலத்திலேயே முடித்து, கையை உயர்த்திப் பிரமாணமும் எடுத்து, குடியுரிமை வாங்கிவிட்டிருந்தேன். தேறாவிட்டால் ஆலையில் கேலி செய்வார்கள் என்று பல் வைத்தியரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தேன். எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னேன். அதிகாரி பாராட்டக்கூடச் செய்தார். திரும்பி வந்த அதே வாரத்தில்தான் ஆர்செனியோ தொப்பியோடு முதல் தடவை வந்து நின்றான். அவன் கேட்க வந்தது ஏற்கனவே என் கைப்பையில் இருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் "எந்த அறையில?" என்று வாயில் வந்துவிட்டது. அவன் சிரித்தான். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று இருந்தேன். பசிலியோவிடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்றேன் அல்லவா. ஒரு வாக்கியம் மட்டும் கொஞ்சம் பழையதாகிவிட்டிருந்தது.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அவன் விமான நிலையத்தில் காத்திருந்தான். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"எந்தக் கேள்வியில போச்சு?"

"நிறைய. மேற்குக் கரையில இருக்கற சமுத்திரம் எதுன்னு கேட்டாங்க."

"பசிபிக், பெர்லி. தினமும் அதுல புடிச்ச மீனைத்தானே அறுக்கற." அவன் சிரித்தான். பிறகு அழுதான். அழுதுகொண்டே என்னைச் சமாதானப்படுத்தினான். அவன் தோளில் முகம் வைத்து நின்ற அந்தச் சில நிமிடங்களை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அதன் பிறகு அவன் வேறு வழி பார்த்தான். ஜனவரியில் நண்டுப் பருவம் தொடங்கும்போது ஒரு படகில் ஆள் தேவை என்றார்கள். பருவம் நன்றாக அமைந்தால் கிடைக்கும் பங்கைச் சேர்த்துக் காட்டினால் மூன்று பேருக்கான வரம்பைத் தாண்டிவிடலாம். ஆர்செனியோ கரையில் வேலை செய்தே ஐம்பது வயதைத் தொட்டவன். துறைமுகத்தில் கட்டிய படகில் ஏறி நின்றாலே வாந்தி எடுப்பான். புறப்படுவதற்கு முதல் நாள் சொல்லிக்கொள்ள வந்தான்.

"உனக்கும் கடலுக்கும்தான் ஆகாதே. எதுக்குப் போற?"

"ஒரு சீசன்தான். இனிமே உன்னைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பாக்கறேன்."

"தொந்தரவுன்னு யார் சொன்னா?"

"உனக்குப் படிப்பு வரல, பெர்லி. அது உன் தப்பில்ல. ஜோவிலின்கிட்டயும் சொல்லியிருக்கேன், பெர்லியைக் குத்தம் சொல்லாதேன்னு."

அடுப்பில் சோறு வெந்துகொண்டிருந்தது. நான் அமைதியாகத்தான் யோசித்தேன். இப்போது சொன்னால் அவன் படகில் போகமாட்டான். என் வீட்டுக்கும் வரமாட்டான். சொல்லாவிட்டால் போவான். பருவம் முடிந்ததும் கடல் கதைகளோடு இந்த நாற்காலிக்கு வருவான், வருமானம் போதவில்லை என்றால் மறுபடியும் பாடத்தைத் தொடங்குவான். நியாயமாகப் பார்த்தால் திரும்பி வரும் ஆளாகத்தான் அவனை அனுப்பினேன்.

"ரெண்டு கையுறை போட்டுக்கோ" என்றேன்.

நண்டுக் கூண்டைக் கடலில் இறக்கும்போது கயிறு அவன் காலில் சுற்றி உள்ளே இழுத்துவிட்டது என்று படகில் இருந்தவர்கள் சொன்னார்கள். இழுத்து மேலே கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. சொல்ல எனக்கு ஒன்றரை வருடத்துக்கும் மேல் இருந்தது. ஒரு வாக்கியம்தான் சொல்ல வேண்டியிருந்தது. நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்டது இதைத்தான் என்றால், ஆம், நான்தான்.

ஆர்செனியோவை இந்தத் தீவிலேயே, கடல் தெரியாத பக்கமாகப் புதைத்தோம். பசிலியோ சவப்பெட்டிக்குப் பணம் கொடுத்தார். தான் கையெழுத்துப் போடாததை நினைத்து இன்னும் பூசைக்கு வரும்போதெல்லாம் கண் கலங்குகிறார். கலங்கிய கண்ணோடு ஓட்ட வேண்டாம் என்று அவர் மனைவி டாக்ஸியை விற்கச் சொல்லிவிட்டாள். ஜோவிலின் இங்கே வந்துவிட்டாள். கணவன் இறந்துவிட்டால் அவன் போட்ட மனு விதவையின் மனுவாக மாறிவிடுகிறது. விதவையிடம் யாரும் வருமானம் கேட்பதில்லை, தலைகளை எண்ணுவதும் இல்லை. என் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறாள், மனாங் என்று பாசமாகக் கூப்பிடுகிறாள், ஆலையில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறாள். நான் நன்றாக இருக்கிறேன். ஆர்செனியோ அவ்வளவு பாடுபட்டும் முடியாமல் போன காரியத்தைக் கடைசியில் முடித்துக் கொடுத்தது நான். அவளுக்கு அது தெரியாது. நன்றியை நான் எதிர்பார்க்கவும் இல்லை.