கொடியில் கிடந்த களிசான்

மாலை ஆறே முக்கால். தெற்கே காலி நகரம் தாண்டி, வெலிகமைக்கு இந்தப் பக்கம், தென்னந்தோப்புக்கு நடுவே கடலை நோக்கி இறங்குகிற ஒரு குச்சொழுங்கை, ஒரு கார் மட்டும் போகிற சந்து. வெளிச்சமில்லை. மனித நடமாட்டமில்லை. ஒரு நாய் படுத்திருந்தது... அதுவும் குரைக்கவில்லை.

அந்தக் கதவைச் சாத்திவிட்டுக் கிட்ட வாருங்கள். இப்போதுதான் சாப்பிட்டவர்கள் மட்டும் கொஞ்சம் தள்ளி இருங்கள். இது பயத்தைவிடக் குமட்டல் கூடின கதை.

நம் கூட்டாளி நிஷாந்தினிக்கு ஒன்றுவிட்ட அக்கா ஒருத்தி இருக்கிறாள், நிரோஷா. வெள்ளவத்தையில், கடல் பார்த்த அபார்ட்மென்டில், நாலாம் மாடி. வீட்டுக்கு வந்தவர்கள் லிப்டில் கீழே போய்ச் சேருவதற்குள், அவர்கள் இருந்த கதிரையை டெட்டோல் போட்டுத் துடைத்து முடித்துவிடுவாள். நான் சொல்லவில்லை, குடையை மறந்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் கண்டு சொன்னது.

அவளும் கணவன் கிருபாகரனும் ஏழு வயது மகன் தனுஷனும் அன்று காரில் தெற்கே சுற்றப் போயிருந்தார்கள். கொஸ்கொடையில் ஆமைக்குஞ்சு. தனுஷன் தொட்டான், அவள் கையைக் கழுவிவிட்டாள். அம்பலாங்கொடையில் முகமூடி. தொட்டான், கழுவினாள். காலிக் கோட்டை மதிலில் உப்பும் தூளும் போட்ட அன்னாசி வாங்கினார்கள். விற்றவனின் நகத்தைப் பார்த்தாள், பையோடு குப்பைக்குள் போட்டாள். கடைசியில் ஒரு சின்னக் கடற்கரையில் மூன்று பேரும் கடல் குளித்தார்கள்.

உப்புப் போக நல்ல தண்ணீரில் குளிக்க வேண்டுமே. அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சிலர் தங்கள் கிணற்றடியை இதற்காகவே திறந்து வைத்திருப்பார்கள். இருட்டுகிற நேரத்தில், அந்த ஒழுங்கையில், ஒரு வீடுதான் திறந்திருந்தது.

"சீ! உந்தக் கிணத்தடியைப் பாருங்கோ. பாசி... ஆரின்ரையோ தலைமயிர்..." என்றாள் நிரோஷா.

"அப்ப உப்போட கொழும்புக்கு வா. காரில இருந்து ஊறுகாய் ஆகலாம்," என்றான் கிருபாகரன்.

குளித்தார்கள். ஈர உடுப்புகளைக் கொடியில் போட்டுவிட்டு உலர்ந்ததை மாற்றினார்கள். புறப்படும்போது அந்தக் கொடியைத் தொட நிரோஷாவுக்கு மனம் வரவில்லை. கயிறு முழுக்க வழுவழுவென்று கறுப்பு. ஒரு சொப்பிங் பையைப் புறம் புரட்டிக் கைக்குள் மாட்டினாள். நாய்ப் பீ அள்ளுவது மாதிரி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பி, கொடியில் கிடந்ததை எல்லாம் ஒரேயடியாக வழித்து எடுத்து முடிச்சுப் போட்டாள்.

"ஒக்கோம கத்தாத, நோனா?" என்றாள் வீட்டுக்காரி சிங்களத்தில். எல்லாம் எடுத்தாச்சா என்று.

"ஒவ், ஒவ்," என்று ஓம் போட்டாள் நிரோஷா, மூச்சை அடக்கிக்கொண்டு.

வீட்டுக்கு வந்து குளியலறையில் முடிச்சை அவிழ்த்தாள். அவளுடையது. அவனுடையது. தனுஷனுடையது... அடியில் இன்னொன்று. ஒரு பொடியனின் சிவப்புக் களிசான், அரைக் காற்சட்டை. லாஸ்டிக் இற்று, துணி வெளிறி... பொக்கற்றுக்குள் மணலோடு நாலைந்து நீள மயிர். மணம்? செத்த மீனை வெயிலில் வைத்து, அதை மறைக்க மேலே வாசனைச் சோப்புப் போட்ட மாதிரி. வாந்தி எடுத்தாள். கூட்டுகிற தும்புத்தடியால் தூக்கிக் கீழே குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டாள்.

விடிந்தபோது அது பல்கனிக் கொடியில் கிடந்தது.

சொட்... சொட்... சொட்.

கீழ் மாடியிலிருந்து இராஜநாயகம் மிஸ்ஸிஸ் கத்தினார். "நிரோஷா! என்ர மோர்மிளகாய்க்கு மேல என்ன பிள்ளை ஊத்துறாய்? மீன் கழுவின தண்ணியே?"

அன்றைக்கே ரயில் தண்டவாளத்தைத் தாண்டிப் போய் அதைக் கடலில் வீசினாள். அலை இழுத்துக்கொண்டு போனதைக் கண்ணால் கண்டாள். மறுநாள் காலையும்... சொட், சொட்.

அதையும் தாங்கியிருப்பாள். தனுஷனுக்கு இழுப்பு வந்ததுதான் அவளை உலுக்கியது. இரவெல்லாம் நெஞ்சுக்குள் விசில் ஊதியது. ஆஸ்பத்திரியில் மூக்கில் மூடி வைத்து மருந்துப் புகை பிடித்தார்கள். "இவ்வளவு ஈரத்துக்குள்ள ஏன் பிள்ளையைப் படுக்க விடுறீங்கள்? இப்பிடியே போனா மூச்சு நிண்டிடும்," என்றார் டொக்டர்.

ஈரம் உண்மைதான். தினமும் அவன் மெத்தையில் ஒரு பக்கம், சுவர்ப் பக்கம் மட்டும், தொப்பென்று நனைந்திருந்தது.

"ஏழு வயசாச்சு, வெக்கமில்லையே?"

"நான் இல்லையம்மா."

குனிந்து மணந்து பார்த்தாள். மூத்திரமில்லை. கடற்பாசி. விரலில் ஒட்டினது வழுவழுவென்று கறுப்பு.

மூன்றாம் சனிக்கிழமை களிசானை ஏழு பைக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி, மகனையும் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்கே போனார்கள். காரில் வாயைத் திறந்தால் நாற்றம் நாக்கில் படிந்தது.

வீட்டுக்காரி ஆச்சரியப்படவில்லை. களிசானை வாங்கி முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் வந்தது... வந்துகொண்டே இருந்தது. ஒரு வாளி நிறைந்தது. உதறிப் பழைய இடத்தில் போட்டாள். பிறகு காரை எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

"கலிசம விதரத?"

களிசான் மட்டும்தானா?

"ஒவ், விதரய்," என்றாள் நிரோஷா. மட்டும்தான். இந்த ஊத்தையில் இன்னும் வேறு வேணுமோ என்று மனதுக்குள் ஏசிக்கொண்டு ஏறினாள். வீட்டுக்காரி படலை வாசலிலேயே நின்றாள், கார் மறையும்வரை... இவர்களைப் பார்க்கவில்லை. பின் சீற்றில் தனுஷனுக்குப் பக்கத்தில் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தாள்.

பாணந்துறை வரும்போது நாற்றம் போய்விட்டது. கண்ணாடியை இறக்கிவிட்டு நிரோஷா பாட்டுக்கூடப் பாடினாளாம். அன்றிரவு கொடி காய்ந்து கிடந்தது. இராஜநாயகம் மிஸ்ஸிஸ் புது மோர்மிளகாய் போட்டார்.

திங்கள் காலை. பள்ளிக்கூட உடுப்பு எடுக்க அலுமாரியைத் திறந்தாள். முகத்தில் அறைந்தது... செத்த மீன், மேலே வாசனைச் சோப்பு. சனிக்கிழமை அயன் போட்டு மினுக்கி மடித்து வைத்த தனுஷனின் நீலக் களிசான் தொப்பலாக நனைந்திருந்தது. லாஸ்டிக் இற்றிருந்தது. பொக்கற்றுக்குள் மணல்.

கட்டிலில் தனுஷன் எழுந்து உட்கார்ந்திருந்தான். சுவர்ப் பக்கம் கொஞ்சம் இடம் விட்டு.

"அவனுக்கு ஏசாதீங்கோ அம்மா," என்றான், நெஞ்சு விசிலடிக்க. "அவன்ர களிசானை நீங்கள்தானே குடுத்திட்டீங்கள். இண்டைக்கு அவனும் ஸ்கூலுக்கு வாறானாம்... சப்பாத்து மட்டும்தான் இல்லையாம்."