நடுக்கடலில் நிறுத்திய எஞ்சின்

“அலை எழும்பிச்சுணா, நான் எஞ்சின ஆஃப் பண்ணிட்டேன்.”

கிருஷ்ணகிரி பஸ் மூக்கண்டப்பள்ளி நெரிசலில் நின்றிருந்தது. வெயிலில் காய்ந்த லாரிகளுக்கு நடுவே ‘அலை’ என்று கேட்டதும் என் தூக்கம் கலைந்தது. முன் சீட்டில் கம்பெனிச் சட்டையோடு இருவர். சொன்ன இளையவன் கடலே இல்லாத நாகரசம்பட்டிக்காரன் என்று பேச்சில் தெரிந்தது. தூத்துக்குடிப் பெண்ணைக் காதலிக்கிறான். ஒருநாள் தன்னோடு கடலுக்கு வந்தால்தான் கல்யாணப் பேச்சு என்றிருக்கிறார் மீன்பிடிக்கப் போகும் அவள் அப்பா.

“ஏன்டா ஆஃப் பண்ண?” என்றார் மூத்தவர்.

“கம்பெனில இன்னா சொல்லிக் குடுத்தாங்க? எது எசகுபிசகா ஆனாலும் மொதல்ல மெஷின நிறுத்து, அப்புறம் சூப்பர்வைசரக் கூப்பிடு.”

“கூப்பிட்டியா?”

“எங்கணா கூப்பிடறது? எஞ்சின் நின்னதும் படகு குறுக்கால திரும்பிடுச்சு. பக்கவாட்டுல அலை வந்து அறையுது, மழை கொட்டுது. மாமா போட்ட சத்தத்துல இடியே கேக்கல. ‘ஏலே, கெடுத்துப்புட்டியே!’ன்னு என்னைத் தூக்கி மீன்கூடை மேல போட்டாரு. எஞ்சின் கிளம்பற வரைக்கும் மாதாவையும் என்னையும் மாத்தி மாத்திக் கூப்பிட்டாரு. மாதாவ மட்டும் மரியாதையா.”

கண்டக்டர் டிக்கெட் கொடுப்பதை மறந்து நின்றார்.

“அப்ப பொண்ணு போச்சா?” என்றார் மூத்தவர்.

“கரையேறுனதும் அத்தைகிட்ட சொன்னாரு: ‘இவன் செத்தாலும் இனி கடலுக்குப் போக மாட்டான். காத்தடிக்கும்போதெல்லாம் நம்ம புள்ள கரையில வந்து நிக்க வேண்டாம். தேதி குறி.’”

மூத்தவர் அவன் முதுகில் தட்டினார்.

“ஒரே ஒரு கண்டிஷன்ணா. கல்யாண வேன்ல என்னை டிரைவர் பக்கத்துல உக்கார விடக்கூடாதாம்.”